டிசம்பர் 24 அன்று நியூரம்பெர்க் போய்ச் சேர்கிறோம்: கிறிஸ்துமஸ் சந்தைக்குத் தேதி சரியா?

வைகைக்கரை

வணக்கம். இந்தப் பயணப் பகுதியை நெடுநாளாகப் படித்துவருகிறேன். இழை தொடங்குவது இப்போதுதான்.

மகனுக்கு அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 23 அன்று முடிகிறது. அன்று நள்ளிரவு தாண்டிச் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேர் விமானம். 24 காலையில் இறங்கி, ரயிலில் மதியத்துக்குள் நியூரம்பெர்க். 28 காலை வரை அங்கேதான். பிறகு மியூனிக்கில் இருக்கும் தம்பி வீட்டில் புத்தாண்டு. நான், கணவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், அறுபத்தெட்டு வயது அம்மா.

பயணமே அம்மாவுக்காகத்தான். பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் படித்தவர். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. ஆனால் நவராத்திரிக்குக் கொலு வைக்கும் அதே மரப்படியில் டிசம்பரில் ஒரு சின்னக் குடிலும் வைத்துவிடுவார். ஆட்டுக்குட்டிக்குக் கால் உடைந்தால் தீக்குச்சியை ஒட்டிச் சரிசெய்வார். நியூரம்பெர்க் சந்தையைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, "கிறிஸ்துமஸ் அன்றைக்கு அங்கே போய் நிற்க வேண்டும்" என்பதே பேச்சு.

அம்மா சைவம், முட்டையும் கூடாது. முழங்கால் வலி உண்டு. ஹோட்டலை ரத்து செய்ய அவகாசம் இருக்கிறது, விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. தேதி சரிதானா? நான்கு நாளுக்கு அந்த ஊரில் பார்க்க இருக்கிறதா?

பெக்னிட்ஸ்வாசி

டிக்கெட் எடுப்பதற்கு முன் கேட்டீர்களே, அதுவரை நல்லது. தேதி சரியில்லை.

நியூரம்பெர்க் சந்தை, அட்வென்ட் என்னும் கிறிஸ்துமஸ் முன்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தொடங்கும். 2026இல் அது நவம்பர் 27. முடிவது டிசம்பர் 24 பிற்பகல் 2 மணிக்கு. கிறிஸ்துமஸ் அன்று சந்தை கிடையாது. நம் ஊரில் இருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரக் காத்திருப்புக்கான சந்தை. பண்டிகை வந்ததும் சந்தையின் வேலை முடிந்தது.

உங்கள் கணக்கையே பாருங்கள். காலை எட்டு மணி வாக்கில் விமானம் இறங்கி, குடியேற்ற வரிசை, பெட்டி, பிறகு விமான நிலையத்திலிருந்து சுமார் இரண்டரை மணி நேர ரயில். பெட்டியை ஹோட்டலில் போட்டுவிட்டு நீங்கள் சதுக்கத்துக்கு வரும்போது கடைக்காரர்கள் பலகையை இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பின் நடப்பது இன்னும் மோசம். 2026இல் டிசம்பர் 24 வியாழக்கிழமை. மதியத்தோடு கடைகள் அடைப்பு. 25 வெள்ளி, 26 சனி இரண்டும் அரசு விடுமுறை. 27 ஞாயிறு, இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. ஆக நீங்கள் தங்கும் நாள்களில் ஊர் முழுக்கக் கதவு சாத்தியிருக்கும். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் சில கடைகள், ஹோட்டல் உணவகம், துருக்கிக்காரர்களின் சாப்பாட்டுக் கடைகள் கைகொடுக்கும். முட்டைகூடச் சேர்க்காத அம்மாவை வைத்துக்கொண்டு அந்த மூன்று நாளை ஓட்டுவது எளிதல்ல.

ஊர்க்குருவி

இதற்குத்தான் ப்ராக் போங்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6 வரை நடக்கும். வியன்னாவில் ஷோன்ப்ரூன் அரண்மனை முன் நடப்பதும் கிறிஸ்துமஸ் தாண்டி ஜனவரி வரை ஓடுகிறது. சால்ஸ்பர்க் புத்தாண்டு வரை. உங்கள் தேதியில் ஒரு நாளைக்கூட மாற்ற வேண்டாம், ஊரை மாற்றினால் போதும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நியூரம்பெர்க்கைப் 'பழமையான நகரம்' என்று விற்கிறார்கள். 1945 ஜனவரி 2 அன்று நடந்த ஒரே குண்டுவீச்சில் பழைய நகரத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு தரைமட்டம். நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்த கட்டடங்கள். ப்ராகில் நிற்பதோ அசல். சந்தையும் அப்படித்தான்: தேநீர்க் கோப்பை அளவு சூடான ஒயினுக்கு நான்கைந்து யூரோ, கோப்பைக்குத் தனியாகப் பிணைத்தொகை. அங்கே நகரவே முடியாது. பின்னால் வருகிறவர் தள்ளினால்தான் நகர்வோம்.

ஏட்டுச்சுவடி

ஊர்க்குருவி சொல்லும் 90 விழுக்காடு சரி. அதிலிருந்து அவர் இறங்கும் முடிவு சரியல்ல.

கட்டடங்கள் விழுந்தன, தெருக்கள் விழவில்லை. போருக்குப் பிறகு பழைய தெருக்களின் வளைவும் மனையின் அகலமும் பெரும்பாலும் மாறாமல் கட்டினார்கள். வைஸ்கெர்பர்காஸ என்று தோல் பதனிடுவோர் வாழ்ந்த தெரு ஒன்று இருக்கிறது. மரச்சட்டக வீடுகள் வரிசையாகக் குண்டுக்குத் தப்பி நிற்கின்றன. ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1509 முதல் 1528இல் சாகும்வரை இருந்த வீடும் நிற்கிறது. மிக முக்கியமான கலைப்பொருள்களைப் போர்க்காலத்திலேயே கோட்டைக் குன்றுக்கு அடியில் பாறையைக் குடைந்த நிலவறைக்குள் இறக்கிவிட்டார்கள். பியர் வைத்திருந்த பழைய பாறை அறைகள் அவை. அந்த நிலவறையை இன்றும் வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம்.

வைகைக்கரை அம்மாவுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். புனித லோரன்ஸ் ஆலயத்துக்குள் போய், பலிபீடம் இருக்கும் பக்கம் நடந்து, தலையை உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். கூரையிலிருந்து ஒரு பெரிய ரோஜா மாலை வட்டமாகத் தொங்கும், மரத்தில் செதுக்கியது. அதற்குள் மரியாவும், மங்கள வார்த்தை சொல்ல வந்த கபிரியேல் தூதரும் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்பார்கள். சிற்பி ஃபைட் ஷ்டோஸ் 1517-18இல் லிண்டன் மரத்தில் செய்தது. மாலையைச் சுற்றிச் சின்னச் சின்னப் பதக்கங்களில் மரியாவின் மகிழ்ச்சிகள். பிறப்புக் காட்சியும் அதில் உண்டு. 1817இல் இது அறுந்து விழுந்து துண்டு துண்டாகியது. பொறுக்கி எடுத்து ஒட்டித் திரும்பவும் தொங்கவிட்டார்கள். ஆட்டுக்குட்டிக்குத் தீக்குச்சிக் கால் வைப்பவருக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

புராட்டஸ்டன்ட் சபைக்கு மாறிய ஊரில் மரியாவின் சிற்பம் எப்படிப் பிழைத்தது என்றால், பெரிய குடும்பங்கள் கொடுத்த காணிக்கைகளை உடைக்க அந்த ஊர்க்காரர்களுக்கு மனமில்லை. துணி போட்டு மூடி வைத்தார்களே தவிர, கை வைக்கவில்லை.

தயிர்சாதம்

சாப்பாட்டுப் பிரச்சினையைக் கொஞ்சம் கவனியுங்கள். போன குளிர்காலத்தில் நான் போயிருந்தேன். உருளைக்கிழங்கு அடை என்று ஒன்று தருவார்கள், ஆப்பிள் மசியலோடு. இந்த ஊர் இருக்கும் ஃபிராங்கோனியா வட்டாரத்தில் பாகர்ஸ் என்கிறார்கள். சைவம்தான் என்று கடைக்காரர் சொல்வார், அதில் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மாவில் பெரும்பாலும் முட்டை சேர்ந்திருக்கும். சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸும் முட்டையில் பிசைந்ததுதான், சில இடங்களில் மேலே பன்றிக்கொழுப்புத் துண்டுகளையும் தூவுவார்கள். அம்மாவுக்கு நம்பிக் கொடுக்கக்கூடியவை: வறுத்த செஸ்நட், சர்க்கரைப்பாகில் புரட்டிய பாதாம், வறுத்த உருளைக்கிழங்கு, பழச்சாற்றில் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய குழந்தைகள் பானம். அந்தப் பானத்தில் மது கிடையாது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் விரல்களுக்கு உயிர் வரும்.

மற்றவர்களுக்கு அங்கே புகழ்பெற்றது விரலளவு இறைச்சிக் குழல்கள், ஒரு ரொட்டிக்குள் மூன்று. ஏழு முதல் ஒன்பது செ.மீ. நீளம், 20 முதல் 25 கிராம் எடை என்று அளவே விதித்திருக்கிறார்கள். நகர எல்லைக்குள் செய்தால்தான் அந்தப் பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு 2003இல் கிடைத்தது.

லேப்கூகன் என்கிற மசாலா கேக்கில் முட்டை உண்டா என்று யாராவது உறுதியாகச் சொல்லுங்கள். நான் கேட்ட இடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள்.

பெக்னிட்ஸ்வாசி

> லேப்கூகன் என்கிற மசாலா கேக்கில் முட்டை உண்டா

உயர்ரகமான எலிசன் லேப்கூகனில் வழக்கமாக உண்டு. அதில் குறைந்தது 25 விழுக்காடு பாதாம் அல்லது பருப்பு வகை இருக்க வேண்டும், மாவு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. மாவு இல்லாமல் அதைப் பிடித்து நிறுத்துவது முட்டைதான். முட்டை இல்லாத வகைகளும் விற்கிறார்கள். 'வீகன்' என்று உறையில் அச்சிட்டிருப்பதை வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

வைகைக்கரை, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது வேறு. சந்தை என்பது இரண்டு மணி நேர விஷயம். மூன்று நாள் சந்தை பார்ப்பதற்கு யாராலும் ஆகாது. செவ்வாய், புதன் போன்ற வேலைநாளில் காலை பத்து மணிக்குக் கடை திறக்கும்போது போய்விட்டால், அம்மா ஒவ்வொரு கடையின் முன்னும் நின்று பார்க்க முடியும். அதே இடத்தில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நின்றால், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தல்லாகுளத்தில் நிற்பதைப் போல இருக்கும். மதுரைக்காரரான உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஒரு பருவத்துக்கு இருபது லட்சம் பேர் வருகிறார்கள்.

ஆனால் விளக்கு எரிவதைப் பார்க்காமலும் விட முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. டிசம்பரில் நாலேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும். நான்கு மணிக்கு வந்து, ஐந்து மணிக் கூட்டம் சேர்வதற்குள் கிளம்பிவிடலாம்.

வைகைக்கரை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. சங்கடம் என்னவென்றால் மகனின் தேர்வை மாற்ற முடியாது, கணவருக்கு விடுப்பும் 24 முதல்தான். ப்ராக் யோசனையைக் கணவர் உடனே பிடித்துக்கொண்டார். அம்மாவிடம் சொன்னேன். "ப்ராக்கும் நன்றாகத்தான் இருக்கும், போய்விட்டு வாருங்கள்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

அந்த நியூரம்பெர்க் சந்தையில் அப்படி என்னதான் தனியாக இருக்கிறது? தெரிந்தால் முடிவெடுக்க உதவும்.

ஏட்டுச்சுவடி

சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

அந்த ஊர் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் பூவேலை செய்த ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதன் அடியில், 'கிண்டல்ஸ் மார்க்'குக்காக (குழந்தைச் சந்தை என்று பொருள்) ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு அனுப்பியது என்று 1628ஆம் ஆண்டைப் போட்டு எழுதியிருக்கிறது. சந்தைக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று அதுதான். ஆனால் இன்று நாம் பார்க்கும் வடிவம் முழுக்க அந்தக் காலத்தது என்று நினைத்துவிடக் கூடாது. இடையில் சந்தை நொடித்து, ஊரின் வேறு இடங்களுக்கெல்லாம் அலைந்தது. அதைப் பெரிய சதுக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து ஆடம்பரமாகத் திறந்தது 1933இல், நாஜி ஆட்சியில். அந்தச் சதுக்கத்துக்கே அப்போது ஹிட்லரின் பெயர். போருக்குப் பின், 1948இல், இடிபாடுகளுக்கு நடுவே சந்தை மறுபடி தொடங்கியது.

தொடக்க நாள் மாலை 5.30க்கு ஃப்ராவன்கிர்ஷ ஆலயத்தின் மாடத்தில் பொன்னிற ஆடையும் கிரீடமுமாக ஓர் இளம்பெண் தோன்றி, செய்யுள் வடிவில் வரவேற்புரை சொல்வார். அவர்தான் கிறிஸ்ட்கிண்ட், அதாவது பரிசு கொண்டுவரும் தேவகுழந்தை. 1969 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை 16 முதல் 19 வயதுக்குட்பட்ட உள்ளூர்ப் பெண்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். உயரமான மாடத்தில் நிற்க வேண்டுமென்பதால் தலைசுற்றல் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதும் தகுதிகளில் ஒன்று. 2019இல் தேர்வான பெண்ணின் தந்தை இந்தியாவிலிருந்து வந்தவர். வலதுசாரிக் கட்சி ஒன்றின் உள்ளூர்க் கிளை அதை இழிவுபடுத்தி இணையத்தில் எழுத, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அந்தப் பெண் மாடத்தில் ஏறிச் சந்தையைத் திறந்துவைத்தார்.

கடைகளுக்கு மேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட துணி. பிளாஸ்டிக் தோரணம், ஒலிபெருக்கியில் ஓடும் பதிவுப் பாட்டு இரண்டுக்கும் இடமில்லை. சில கடைகளில் உலர்ந்த ப்ளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கை, கால், உடம்பு செய்து, அக்ரூட் கொட்டையில் முகம் வரைந்து, துணி உடுத்திய பொம்மைகள் இருக்கும். இசைக்காரர், புகைபோக்கி துடைப்பவர், மீன்காரி என்று ஆளுக்கொரு தொழில். கொலு வைப்பவர் அந்தக் கடையை விட்டு நகர மாட்டார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

நமக்கு உறவு இருக்கிற சங்கதி ஒன்றும் உண்டு. லேப்கூகனில் விழும் மிளகு, ஏலம், பட்டை, கிராம்பு எல்லாம் வெனிஸ் வழியாக இந்த ஊருக்கு வந்து ஐரோப்பாவுக்குள் பரவியவை. நியூரம்பெர்க் வணிகர்களுக்கு 'மிளகு மூட்டை' என்று பட்டப்பெயரே உண்டு. 1505இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்ச்சுகீசியக் கப்பல்களில் இவ்வூர் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பங்களும் பணம் போட்டிருந்தன. பத்தாண்டு கழித்து குஜராத்திலிருந்து லிஸ்பனுக்குப் போன ஒரு காண்டாமிருகத்தை டியூரர் கண்ணால் பார்க்காமலே இங்கே உட்கார்ந்து மரச்செதுக்குப் படமாக்கினார். அதன் முதுகில் இல்லாத கொம்பு ஒன்றையும் சேர்த்துவைத்தார்.

ஊர்க்குருவி

நன்றாக எழுதுகிறார் ஏட்டுச்சுவடி. ஆனால் அந்த மாடம் இருக்கும் ஆலயம் எதன் மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. அங்கே யூதர்களின் குடியிருப்பும் தொழுகைக்கூடமும் இருந்தன. பேரரசர் நான்காம் சார்லஸின் இசைவோடு 1349 டிசம்பர் 5 அன்று குறைந்தது 562 பேரைக் கொன்று, குடியிருப்பை இடித்து, சதுக்கமாக்கி, அதன்மேல் எழுப்பிய ஆலயம் அது. மதியம் 12 மணிக்கு அதே ஆலயத்தின் கடிகாரத்தில் ஏழு பொம்மை இளவரசர்கள் அதே சார்லஸைச் சுற்றி வந்து வணங்குவார்கள். கீழே கூட்டம் கைதட்டும்.

ஏட்டுச்சுவடி

நான் மறைக்கவில்லை, அடுத்த பதிவில் எழுத வைத்திருந்தேன். நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அதை, ஊருக்குப் போகக் கூடாது என்பதற்குக் காரணமாக நீட்டுகிறீர்களே, அங்கேதான் ஒப்பவில்லை. ப்ராகின் பழைய யூதக் கல்லறைக்குப் போய் நிற்கும்போதும் இதே கதைதான் காத்திருக்கிறது. நியூரம்பெர்க்கில் அறை எண் 600 இருக்கிறது. 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நாஜித் தலைவர்களை உட்காரவைத்து விசாரித்த நீதிமன்ற அறை. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளில் போகலாம். ஆறாம் வகுப்புப் பையனுக்குக் கொஞ்சம் கனமான இடம்தான். கணவர் மட்டும் போய்வரலாம்.

ஊர்க்குருவி

போகக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? தேதி பொருந்தவில்லை, ஊரை மாற்றுங்கள் என்றேன். என் வாயில் சொல்லைத் திணிக்க வேண்டாம்.

மட்டுறுத்துநர்

இருவரும் தனி இழை தொடங்கி அங்கே தொடருங்கள். இங்கே கேள்வி கேட்டவர் இன்னும் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

பனையோலை

தங்கச்சி, நான் ஸ்ருட்காட்டில் இருக்கிறேன். ஜேர்மனிக்கு வந்து பிள்ளைகளைப் பெற்று அவர்களும் வளர்ந்துவிட்டார்கள். இங்கே எல்லோரும் ஊரையும் வரலாற்றையும் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு ஒரு சின்னக் கேள்வி: தம்பி மியூனிக்கில்தானே இருக்கிறார்? அம்மா ஏன் உங்களோடு 24ஆம் திகதிதான் வர வேண்டும்?

டிசம்பர் முதல் வாரமே அம்மாவைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மியூனிக்கில் இருந்து நியூரம்பேர்க்குக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தம்பி ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்து அழைத்துப் போகட்டும். ஓர் இரவு அங்கே தங்கினால் விளக்கையும் பார்க்கலாம், மறுநாள் காலை கூட்டமில்லாமல் கடைகளையும் பார்க்கலாம். நீங்கள் மூவரும் 24 அன்று நேரே மியூனிக்குக்கு வாருங்கள். கடை எல்லாம் பூட்டியிருந்தால் என்ன, சமையலறையோடு வீடு இருக்கிறது. அம்மாவின் சாப்பாட்டுப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

வைகைக்கரை

அக்கா, யோசனை நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் அம்மா தனியாக விமானத்தில் ஏறியதே இல்லை. ஆங்கிலம் வரும்; பயம்தான். அப்புறம், அவர் முதன்முதலாக அந்தச் சந்தையைப் பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஓர் ஆசை இருக்கிறது. தப்பா?

பனையோலை

தப்பில்லை. ஆனால் அது உங்கள் ஆசை. சந்தை அம்மாவின் ஆசை.

பயத்துக்கு மருந்து சொல்கிறேன். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். சென்னையில் வாசலில் ஏற்றுகிற ஆள் விமானக் கதவில் விடுவார். இங்கே கதவில் ஏற்றுகிற ஆள், குடியேற்றம் தாண்டி, பெட்டியும் எடுத்து, தம்பியிடம் ஒப்படைப்பார். முழங்கால் வலி உள்ளவர்கள் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நடுவில் விமானம் மாறாமல், காசு கொஞ்சம் கூடினாலும் நேர் விமானத்தையே எடுங்கள், தம்பி ஃபிராங்பேர்ட்டுக்கே வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். என் அம்மா கொழும்பில் இருந்து இப்படித்தான் வந்தார். வரும்போது பையில் புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) இருந்தது, வழியில் கிடைத்த இரண்டு சிநேகிதிகளின் தொலைபேசி எண்ணும் இருந்தது.

தயிர்சாதம்

பனையோலை அக்காவை வழிமொழிகிறேன். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை: அந்த ஊரில் டிசம்பர் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே இருக்கும். பனி விழுந்து எல்லாம் வெள்ளையாக இருக்கும் என்று படத்தைப் பார்த்து நம்பி வர வேண்டாம். பெரும்பாலும் ஈரமும் மூட்டமும்தான். குளிர் மேலிருந்து வருவதில்லை, கருங்கல் தளத்திலிருந்து உள்ளங்கால் வழியாக ஏறுகிறது. ஸ்வெட்டரில் செலவழிப்பதைக் காலணியில் செலவழியுங்கள்: தடித்த அடி, உள்ளே ஒரு கம்பளிக் காலுறை நுழைய இடம்.

பெக்னிட்ஸ்வாசி

பனையோலை அக்கா சொன்னது எனக்குத் தோன்றாமல் போயிற்று. அந்தத் திட்டப்படியே மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

விசா முதல் வேலை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. டிசம்பர் பயணத்துக்கு அக்டோபரில் நேரம் தேடினால் கிடைப்பது கடினம். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். அம்மாவின் விண்ணப்பத்தில் தம்பியின் அழைப்புக் கடிதம் சேரட்டும்.

ரயில்: விரைவு ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு. பவேரிய மாநில நாள் டிக்கெட்டான 'பயர்ன் டிக்கெட்'டில் ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம். வேலைநாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், விரைவு ரயிலில் செல்லாது. அம்மாவும் தம்பியும் மட்டும் போவதற்கு விரைவு ரயிலே மேல்.

நடை: நியூரம்பெர்க் நிலையத்திலிருந்து லோரன்ஸ் ஆலயம் மெட்ரோவில் ஒரே நிறுத்தம். அங்கிருந்து சதுக்கம் வரை மெல்லிய இறக்கம், நடுவில் பெக்னிட்ஸ் ஆற்றுப் பாலம். சதுக்கத்துக்கு அப்பால் கோட்டைக்கு ஏறும் வழி செங்குத்து, கரடுமுரடான கல். அம்மாவுக்குக் கோட்டை வேண்டாம். சதுக்கத்து மூலையில் 19 மீட்டர் உயரத்தில் கோபுரம் போல ஒரு நீரூற்று நிற்கும். அதன் கம்பி வேலியில் ஒரு வளையம் உண்டு. சுற்றிவிட்டு நினைத்துக்கொண்டால் நடக்கும் என்பார்கள். அங்கே வரிசை நிற்கும், பரவாயில்லை, வேகமாக நகரும்.

பாதுகாப்பையும் யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2016இல் பெர்லினிலும் 2024இல் மக்டபர்க்கிலும் சந்தைக்குள் வாகனத்தை ஏற்றிய பிறகு எல்லா ஊரிலும் தடுப்புக்கட்டைகளும் காவலும் கூடியிருக்கின்றன. பொதுவிழாக்களில் கத்தி கொண்டுபோகத் தடை; பழம் நறுக்கும் கத்தியையும் அம்மா வீட்டிலேயே வைத்துவிடட்டும். பையைச் சோதித்தால் காட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். ஜேப்படித் திருடர்கள்தான் அன்றாட ஆபத்து.

ஏட்டுச்சுவடி

வைகைக்கரை, நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்கும் ஒரு வழி இருக்கிறது. பாம்பெர்க். நியூரம்பெர்க்கிலிருந்து சாதாரண ரயிலில் முக்கால் மணி நேரம். குண்டுவீச்சில் அதிகம் சேதப்படாத ஊர், 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே 'குடில் வழி' என்று ஒன்று உண்டு. ஆலயங்களிலும் அருங்காட்சியகங்களிலுமாக ஊர் முழுக்கக் குடில்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போய்ப் பார்க்கலாம். அது 24ஆம் தேதியோடு முடிவதில்லை, ஜனவரி 6 வரையாவது இருக்கும். சில இடங்களில் பிறப்புக் காட்சியோடு நிற்காமல், நாளாக நாளாகக் காட்சியை மாற்றுவார்கள்: இடையர் வருவது, ஞானிகள் வருவது, எகிப்துக்கு ஓடுவது என்று.

சந்தையைத் தம்பியோடு பார்க்கட்டும். குடில்களை உங்களோடும் பேரனோடும் பார்க்கட்டும்.

ஊர்க்குருவி

பாம்பெர்க்குக்கு என் ஓட்டும். அசல் கட்டடங்கள்.

வைகைக்கரை

நியூரம்பெர்க் ஹோட்டலில் பழைய முன்பதிவை ரத்து செய்துவிட்டேன். தம்பியிடம் பேசினேன்; டிசம்பர் 8, 9, செவ்வாய் புதன் இரண்டு நாளும் விடுப்பு எடுப்பதாகச் சொல்லிவிட்டான். அம்மா 4ஆம் தேதி கிளம்புவதாகத் திட்டம். நாங்கள் 24 அன்று மியூனிக். 28 அல்லது 29 அன்று எல்லோரும் பாம்பெர்க்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது முதலில், "தனியாகவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து, "அந்த ப்ளம் பழப் பொம்மை என்ன விலை இருக்கும் என்று கேட்டுச் சொல்" என்றார்.

என்ன விலை இருக்கும்? இந்தியாவுக்குள் கொண்டுவர விடுவார்களா?

பெக்னிட்ஸ்வாசி

பொம்மையின் அளவையும் வேலைப்பாட்டையும் பொறுத்து விலை மாறும். கையால் செய்தது, மலிவாக இருக்காது. உலர்பழம் என்பதால் தாவரப்பொருள் விதிகளுக்குள் வரலாம். கிளம்பும் முன் இந்தியச் சுங்க விதிகளைப் பார்த்துவிடுங்கள். மறைத்துக் கொண்டுவர வேண்டாம். சந்தேகம் இருந்தால் தம்பி வீட்டு அலமாரியில் நிற்கட்டும். அதோடு, கடைகளில் பலரும் அட்டையில் பணம் வாங்குகிறார்கள் என்றாலும் தம்பியிடம் சில்லறை யூரோ இருக்கட்டும். கோப்பைப் பிணைத்தொகையைத் திருப்பி வாங்க மறந்து, கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு வருவதுதான் வழக்கம். அம்மாவுக்கு அது பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், காசு கொடுத்தாயிற்று.